மாடி வெயிலில் மின் சைக்கிள் பேட்டரி: பெங்களூருக்கு எந்த வழி ஒத்துவரும்?

மின் சைக்கிளைச் சூரிய ஒளியில் சார்ஜ் செய்ய நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை வாட் பேனல் வாங்கலாம்?" என்பதுதான். பெங்களூரில் அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. காலை 10 மணி முதல் 3 மணி வரை உங்கள் பேட்டரி எங்கே இருக்கிறது? அல்சூரிலிருந்து ஒயிட்ஃபீல்டுக்கு வேலைக்குப் போகிறவரின் பேட்டரி அந்த நேரத்தில் அலுவலக பேஸ்மென்ட்டில் கிடக்கும். பேனல் வீட்டு மொட்டை மாடியில் காயும். பேட்டரி வீடு திரும்பும்போது சூரியன் போயிருக்கும். இந்த இடைவெளியை எப்படி அடைக்கிறோம் என்பதை வைத்துத்தான் எந்த வழி நல்லது, எது வீண் என்று சொல்ல முடியும்.

கணக்குக்கு 36 வோல்ட், 10 ஆம்பியர்-அவர் பேட்டரியை எடுத்துக்கொள்வோம். கொள்ளளவு 360 வாட்-மணி. பெடலும் மிதித்து ஓட்டினால் கிலோமீட்டருக்கு 8 முதல் 12 வாட்-மணி செலவாகும். த்ராட்டிலை மட்டும் நம்பினால் 15-ஐத் தொடும். கூட வரும் சார்ஜர் பெரும்பாலும் 42 வோல்ட், 2 ஆம்பியர். '36 வோல்ட்' என்பது பெயரளவுக்குத்தான். உள்ளே வரிசையாக 10 செல், ஒவ்வொன்றும் 4.2 வோல்ட்டில் நிறையும், அதனால் 42. உங்கள் சார்ஜர் லேபிளில் 54.6 என்று இருந்தால் அது 13 செல் கொண்ட 48 வோல்ட் பேட்டரி. 43.8 என்று இருந்தால் 12 செல் எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை. கீழே வரும் எந்த வழியை எடுத்தாலும் இந்த லேபிளைப் படிக்காமல் ஒரு ஒயரையும் தொட வேண்டாம்.

ஓசூரில் தயாராகும் ஏதர் 450எக்ஸ் போன்ற ஸ்கூட்டர்களுக்கு இந்தக் கட்டுரை பொருந்தாது. அவற்றின் பேட்டரி 2.9 அல்லது 3.7 யூனிட் (ஒரு யூனிட் என்பது 1,000 வாட்-மணி), கழற்றவும் முடியாது. 200 வாட் மடிப்பு பேனலை வைத்து 3.7 யூனிட்டை நிரப்ப ஒரு வாரத்துக்கு மேல் ஆகும்.

பணக் கணக்கை மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது. சுவர் பிளக்கில் இந்தச் சைக்கிள் பேட்டரியை முழுதாக நிரப்ப, சார்ஜர் இழப்பும் சேர்த்து, 0.42 யூனிட் போதும். யூனிட் 6 ரூபாய் என்று வைத்தால் இரண்டரை ரூபாய். வருஷத்துக்கு 300 முறை நிரப்பினாலும் 750 ரூபாய்தான். 2023 ஆகஸ்ட் பில் முதல் கர்நாடக அரசின் கிருஹ ஜோதி திட்டத்தில் 200 யூனிட்டுக்குள் இலவசம் பெறும் வீடுகளுக்கு அதுவும் இல்லை. ஆகவே பெஸ்காம் (பெங்களூரு மின் விநியோக நிறுவனம்) பில்லைக் குறைக்க என்று பேனல் வாங்கினால் போட்ட காசு திரும்பாது. கரென்ட் போனாலும் வண்டி ஓட வேண்டும், பார்க்கிங்கில் பிளக் கிடையாது, பிளக் இல்லாத ஊர்வழியில் போக வேண்டும், அல்லது வண்டி வெயிலில்தான் ஓட வேண்டும் என்ற பிடிப்பு: இவற்றில் ஒன்றாவது இருந்தால் மேலே படியுங்கள். சொந்த வீடும் சொந்த மாடியும் இருந்தால் பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் கிரிட் (பொது மின்வலை) இணைப்புள்ள கூரை அமைப்பே லாபம். 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2-க்கு 60,000, 3-க்கும் அதற்கு மேலும் 78,000 மானியம். ஆனால் சாதாரண கிரிட் இன்வெர்ட்டர், கரென்ட் போனதும் தானும் நின்றுவிடும்.

பெங்களூரு வெயிலின் குணம்

ஒரு சதுர மீட்டரில் நாளொன்றுக்கு விழும் சூரிய ஆற்றல் இங்கே ஆண்டுச் சராசரியாக 5 யூனிட்டுக்குச் சற்று அதிகம். மார்ச், ஏப்ரலில் 6-ஐத் தாண்டும். ஜூலை, ஆகஸ்டில் 4-க்கும் 5-க்கும் இடையே ஊசலாடும். 5 யூனிட்டை 5 மணி நேர முழு வெயில் என்று கொள்ளலாம்; 100 வாட் பேனலில் அது 500 வாட்-மணி என்று பெட்டிக் கணக்கு சொல்லும். கைக்கு வருவது 350. பேனலின் வாட் எண் 25 டிகிரி வெப்பத்தில் அளந்தது. மாடியில் செல் 60 டிகிரிக்குப் போகும்போது, டிகிரிக்கு 0.35 முதல் 0.4 சதவீதம் வீதம் 12 முதல் 14 சதவீதம் போய்விடும். தூசி, புறா எச்சம், சாய்வுப் பிழை, ஒயர் இழப்பு எல்லாம் மிச்சத்தைத் தின்னும்.

நகரம் 13 டிகிரி வட அட்சரேகையில் இருப்பதால் சாய்வு எளிது. ஒரு மீட்டர் நீளப் பேனலின் வடக்கு ஓரத்துக்குக் கீழே 9 அங்குலச் செங்கலை நெட்டுக்குத்தாக நிறுத்தினால் தெற்கு நோக்கி ஏறக்குறைய 13 டிகிரி சாய்வு கிடைத்துவிடும். ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18-ஐ ஒட்டியும் நண்பகலில் சூரியன் உச்சந்தலைக்கு நேராக வரும். இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் சூரியன் வடக்கே இருப்பதால் செங்கலை எடுத்துவிட்டுத் தட்டையாகவே போடலாம். ஏப்ரல், மேயில் பிற்பகல் 3 மணிக்கு மேல் கோடை மழை இடியோடு இறங்கும். மடிப்பு பேனல் நனைந்தாலும் தாங்கும், அதன் பின்புறம் இருக்கும் யுஎஸ்பி பெட்டியும் கன்ட்ரோலரும் (பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) தாங்காது. ஆடிக் காற்றில் கட்டாத பேனல் பக்கத்து மாடிக்குப் போகும், நாலு மூலையிலும் கயிறு வேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய எதிரி தண்ணீர்த் தொட்டியின் நிழல். நாலு மடிப்புப் பேனலில் ஒரு மடிப்பில் நிழல் விழுந்தாலே, உள் இணைப்பைப் பொறுத்து, கால்வாசி முதல் முக்கால்வாசி வரை மின்சாரம் குறையும். பால்கனி கிரில்லின் கோட்டு நிழலும் இதே வேலையைச் செய்யும். பால்கனியை நம்பி வாங்குவதானால் கணக்கைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள்.

முதல் வழி: மடிப்பு பேனல், பவர் ஸ்டேஷன், கம்பெனி சார்ஜர்

பவர் ஸ்டேஷன் என்பது பேட்டரியும் இன்வெர்ட்டரும் ஏசி பிளக்கும் ஒன்றாய் உள்ள பெட்டி. பகலில் பேனல் அதை நிரப்பும். இரவு அதன் ஏசி பிளக்கில் கம்பெனி சார்ஜரை மாட்டி பேட்டரியை நிரப்பலாம். ஒயரிங் வேலை இல்லை. பேட்டரியைத் தொடுவது கம்பெனி சார்ஜர் மட்டுமே என்பதால் வாரண்டிக்கும் சேதம் இல்லை. வேலைக்குப் போகிறவரின் நேர இடைவெளியைச் சுத்தமாக அடைப்பது இதுதான்.

விலையைத் தவிர, இழப்பும் ஒரு குறை. ஸ்டேஷனில் சேமிப்பு, டிசியிலிருந்து ஏசி, மறுபடி ஏசியிலிருந்து டிசி என்று மூன்று கைமாறும்போது நூற்றுக்கு எழுபது சொச்சம்தான் பேட்டரிக்குப் போகும். 100 வாட் பேனல் தரும் 350-இல் 250 வாட்-மணிதான் சேரும். தினம் முழுச் சார்ஜ் வேண்டுமென்றால் 200 வாட் பேனல். 300 வாட்-மணி ஸ்டேஷனை வாங்கி ஏமாறுகிறவர்கள் அதிகம். அது 360 வாட்-மணி பேட்டரியை மூன்றில் இரண்டு பங்குதான் நிரப்பும். 500 வாட்-மணி வகுப்பு சரியாகப் பொருந்தும்.

இரண்டு சிக்கல்கள் அடிக்கடி வரும். சிறிய ஸ்டேஷன்களின் சோலார் உள்ளீட்டுக்கு வோல்ட் உச்சவரம்பு உண்டு, பலவற்றில் 28 வோல்ட் போல. 100 வாட் பேனல் ஒன்றின் திறந்த மின்னழுத்தம் (எதையும் மாட்டாதபோது காட்டுவது) 22 வோல்ட். இரண்டைத் தொடராக இணைத்தால் 44, ஸ்டேஷனின் உள்ளீடு எரிந்துபோகலாம். அப்படிப்பட்டதற்கு இணையாகத்தான் இணைக்க வேண்டும். இரண்டாவது, ஏசி சிக்கன முறை. சார்ஜ் முடியும் தறுவாயில் சார்ஜர் சில வாட் மட்டுமே இழுக்கும். ஒன்றும் மாட்டப்படவில்லை என்று நினைத்து ஸ்டேஷன் அணைந்துவிடும். கடைசிக் கட்டத்தில்தான் செல்கள் ஒன்றுக்கொன்று சமன் ஆகும் என்பதால், மாதக்கணக்கில் இப்படி நடந்தால் ஓடும் தூரம் குறைந்துகொண்டே வரும். சிக்கன முறையை அணைத்து வையுங்கள், அல்லது மாதம் ஒருமுறை சுவர் பிளக்கில் முழுதாக நிரப்புங்கள்.

இரண்டாவது வழி: பேனலிலிருந்து நேராக பேட்டரிக்கு

100 வாட் பேனல் வேலை செய்யும் மின்னழுத்தம் 18 வோல்ட். பேட்டரிக்கு வேண்டியது 42. நடுவில் மின்னழுத்தத்தை ஏற்றிக் கொடுக்கும் பூஸ்ட் வகை எம்பிபிடி கன்ட்ரோலர் வேண்டும் (எம்பிபிடி என்றால், பேனல் அதிக மின்சாரம் தரும் மின்னழுத்தத்தைத் தானே தேடிப் பிடிப்பது). ஒரே கைமாற்றம் என்பதால் 350-இல் 330 வாட்-மணி சேரும். நல்ல வெயிலில் 75 வாட் வந்தால் 1.8 ஆம்பியர், கம்பெனி சார்ஜருக்குச் சமம். செலவிலும் எடையிலும் இதை அடிக்க வேறு வழி இல்லை. ஆபத்திலும் இதுதான் முதல்.

சிலர் கன்ட்ரோலரே வேண்டாம், 72 செல் கொண்ட பெரிய கூரைப் பேனலின் வேலை மின்னழுத்தம் 40 வோல்ட்டை ஒட்டி இருக்கிறதே, நேராக மாட்டலாம் என்பார்கள். சூடான மதியத்தில் அந்த 40, 36-க்கு இறங்கும், பேட்டரி பாதியில் நின்றுவிடும். குளிர்ந்த காலையில் திறந்த மின்னழுத்தம் 49 வரை ஏறும், அப்போது செல்லுக்கும் தீக்கும் நடுவே நிற்பது பிஎம்எஸ் (பேட்டரிக்குள் இருக்கும் காவல் சர்க்யூட்) ஒன்றுதான். இதைச் செய்யவே கூடாது.

பூஸ்ட் கன்ட்ரோலரில் மலிவானவை பெங்களூரின் மின்னணுக் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டிலும் இணையத்திலும் கிடைக்கும். சிலவற்றில் எம்பிபிடி என்பது பெயரில் மட்டும் இருக்கும், பேனல் மின்னழுத்தத்தை நாமே குறித்துக் கொடுக்க வேண்டும். 17.5 என்று குறித்துவிட்டு மறந்தால், பேனல் 60 டிகிரிக்குச் சூடேறி 15.5 வோல்ட்டுக்கு இறங்கும் மதியத்தில் மின்சாரம் பாதியாகும். சூடான பேனலில் ஒரு நாள் உட்கார்ந்து, ஆம்பியர் எந்த எண்ணில் உச்சம் தொடுகிறது என்று பார்த்துக் குறிப்பதே வழி.

இணைப்பதற்கு முன் மல்டிமீட்டரால் பேட்டரியின் சார்ஜிங் துளையை அளந்து பாருங்கள். 30-க்கும் 42-க்கும் இடையே ஏதாவது காட்ட வேண்டும். பூஜ்யம் காட்டினால் அந்த பிஎம்எஸ் வெளிப்பக்கம் மின்னழுத்தம் விடாத வகை. பேட்டரி இருப்பதே தெரியாமல் பல கன்ட்ரோலர்கள் வேலையைத் தொடங்காது. அப்போது மோட்டார் பக்கத்துத் துளையில் மாட்டிவிடலாம் என்று தோன்றும். பல பேட்டரிகளில் அந்தப் பக்கம் அதிகச் சார்ஜைத் தடுக்கும் காவல் இல்லை. அத்தோடு இந்த வழியைக் கைவிட்டுவிடுங்கள்.

அளவு சரியாக வந்தால் முதலில் வெளியீட்டை 41 வோல்ட்டுக்கு வையுங்கள், 42 வேண்டாம். செல்லுக்கு 4.1 வோல்ட், ஏறக்குறைய 90 சதவீதக் கொள்ளளவு. மலிவுக் கன்ட்ரோலர் அரை வோல்ட் தவறினாலும் எல்லைக்குள்ளேயே இருக்கும், பேட்டரியின் ஆயுளும் கூடும். மின்னோட்ட வரம்பு 3 ஆம்பியர். சாதாரண உருளை ஜாக் 5 ஆம்பியருக்கு மேல் சூடாகி உருகும். கன்ட்ரோலருக்கும் பேட்டரிக்கும் நடுவே, பேட்டரிப் பக்கமாக 5 ஆம்பியர் ஃபியூஸ். முதலில் பேட்டரி, பிறகு பேனல். கழற்றும்போது முதலில் பேனல். இந்த வரிசை மாறினால் தாங்கிப் பிடிக்க ஆளில்லாத வெளியீட்டில் மின்னழுத்தம் எகிறும். பூஸ்ட் கன்ட்ரோலர்கள் பெரும்பாலும் இப்படித்தான் சாகின்றன.

ஒயரில் கவனிக்க வேண்டியது, கன்ட்ரோலரைப் பேனலின் பக்கத்திலேயே, நிழலில், காற்றோட்டமான இடத்தில் வைப்பது. 18 வோல்ட், 5.5 ஆம்பியரை 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் 10 மீட்டர் கொண்டுபோனால் 1.4 வோல்ட் போய்விடும், அதாவது நூற்றுக்கு ஏழெட்டு. ஏற்றிய பிறகு 42 வோல்ட், 1.8 ஆம்பியராக அதே ஒயரில் கொண்டுபோனால் இழப்பு நூற்றுக்கு ஒன்று. இதனால் பேட்டரியை மாடியில் வைக்காமல் படிக்கட்டு நிழலில் வைக்கவும் முடியும்.

பூஸ்ட் வகையை நம்ப மனமில்லாதவர்களுக்குக் கொஞ்சம் விலை கூடிய மாற்று உண்டு. 50 வாட் பேனல் மூன்றைத் தொடராக இணைத்து 54 வோல்ட் உண்டாக்கி, அதை இறக்கிக் கொடுக்கும் தரமான கன்ட்ரோலரில் விடுவது. விக்ட்ரான் ஸ்மார்ட்சோலார் 100/20 இதற்கு ஆகும். 75/15 ஆகாது, அது 12, 24 வோல்ட்டுக்கு மட்டும். செயலியில் பேட்டரி மின்னழுத்தத்தை 36 என்று கையால் தேர்ந்து, அப்ஸார்ப்ஷனை (நிரப்பும் உச்ச மின்னழுத்தம்) 41-இல் வைத்து, வெப்ப ஈடுகட்டலைப் பூஜ்யமாக்கி, ஈக்வலைசேஷனை அணைக்க வேண்டும். கடைசி இரண்டும் லெட் ஆசிட் பேட்டரிக்கான ஏற்பாடுகள், லித்தியத்துக்கு விஷம். இரண்டு பேனல் போதாதா என்றால் போதாது. 36 வோல்ட்டிலிருந்து 42-ஐ இறக்கி எடுக்க முடியாது. மாடியில் நிரந்தரமாகப் போடுவதென்றால் எங்கள் ஓட்டு இந்த அமைப்புக்கே.

இரண்டு வகையிலும் கம்பெனி வாரண்டி போய்விடும். பாஷ், ஷிமானோ போன்ற அமைப்புகளின் பேட்டரிகள் தங்கள் சார்ஜரோடு பேசிய பிறகே கதவைத் திறக்கும், அவற்றுக்கு இந்த வழி இல்லை.

நேர இடைவெளிக்கு என்ன பதில்? இரண்டாவது பேட்டரி. ஒன்று வண்டியில் போகும்போது மற்றொன்று வீட்டில் வெயிலில் நிறையும். பவர் ஸ்டேஷன் வாங்கும் காசில் பாதிக்குள் இது முடியும், இழப்பும் குறைவு, இரண்டையும் எடுத்துப் போனால் ஓடும் தூரமும் இரட்டிப்பு. ஒரே நிபந்தனை: பகலில் வீட்டில் ஒருவர் இருக்க வேண்டும். யாரும் இல்லாத வீட்டில் லித்தியம் பேட்டரியைக் கம்பெனி அல்லாத கன்ட்ரோலரில் மாட்டிவிட்டுப் போவதை எந்த விலைக்கும் பரிந்துரைக்க மாட்டோம்.

மூன்றாவது வழி: வீட்டிலேயே இருக்கும் யுபிஎஸ்

பெங்களூரில் பல வீடுகளில் ஹாலின் மூலையில் 12 வோல்ட், 150 ஆம்பியர்-அவர் டியூபுலர் பேட்டரியும் இன்வெர்ட்டரும் ஏற்கெனவே இருக்கின்றன. 1,800 வாட்-மணி கொண்ட பவர் ஸ்டேஷன் அது. மாடியில் 200 வாட் கண்ணாடிப் பேனல், ஒரு சோலார் கன்ட்ரோலர், 4 சதுர மில்லிமீட்டர் ஒயர் சேர்த்தால் போதும். வாட்டுக்கு வாட் கண்ணாடிப் பேனல் மடிப்பு பேனலைவிட மிக மலிவு, ஆயுளும் பல மடங்கு. இழப்பு அதிகம்தான்: லெட் ஆசிட், இன்வெர்ட்டர், சார்ஜர் எல்லாம் கழித்தால் பாதிக்குச் சற்று மேல். 200 வாட்டில் 700 வந்தால் சைக்கிளுக்கு 390. முழுச் சார்ஜ் ஆகிவிடுகிறதே.

இங்கே எல்லோரும் விழும் குழி ஒன்று. யுபிஎஸ் பெஸ்காம் கரென்ட்டில் இரவெல்லாம் பேட்டரியை நிரப்பி வைத்திருக்கும். காலையில் சூரியன் வரும்போது பேட்டரியில் இடமே இருக்காது. பேனல் சும்மா காயும், சோலார் போட்டும் பயனில்லையே என்று குறைபடுவார்கள். பகலில் கிரிட் சார்ஜிங்கைத் துண்டிக்கும் சோலார் மாற்றுக் கருவி அல்லது சூரியனுக்கு முன்னுரிமை தரும் சோலார் யுபிஎஸ் வேண்டும். கையால் செய்வதென்றால், மாலையில் யுபிஎஸ்ஸுக்கு பெஸ்காம் கரென்ட் வரும் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, யுபிஎஸ் வரும் பிளக்கில் சைக்கிள் சார்ஜரை மாட்டுங்கள். சார்ஜ் முடிந்ததும் சுவிட்சைப் போடாமல் காலை வெயிலுக்கு விடுங்கள். 4½ மணி நேரம் 100 வாட் இழுத்தால் அந்தப் பெரிய பேட்டரியில் மூன்றில் ஒரு பங்குதான் இறங்கும், அதற்குத் தொல்லை இல்லை. மழை நாட்களில் மட்டும் மெயினைப் போட்டுவிடுங்கள். அரைகுறைச் சார்ஜில் பல நாள் கிடந்தால் லெட் ஆசிட் தகட்டில் சல்பேட் படியும்.

யுபிஎஸ் சைன் வேவ் வகையாக இருக்க வேண்டும். பழைய ஸ்கொயர் வேவ் கருவியில் சைக்கிள் சார்ஜர் ரீங்காரமிடும், சூடாகும், சீக்கிரம் போகும். கம்பெனி சார்ஜரே வேலை செய்வதால் வாரண்டி இங்கேயும் பத்திரம். வாடகை வீட்டில் ஓனரின் சம்மதம் வாங்கிய பிறகு ஒயரை இறக்குங்கள். மாடியில் துளை போடாமல், கனமான கான்கிரீட் கட்டைகளில் பேனல் சட்டத்தைப் பொருத்தினால் பேச்சு எளிதாக முடியும், காலி செய்யும்போது எடுத்துப் போகவும் ஆகும்.

பகலில் வீட்டில் ஆளில்லை, யுபிஎஸ் இருக்கிறது என்றால் இந்த வழியில் போங்கள். யுபிஎஸ்ஸும் இல்லை, ஒயரிங்கும் வேண்டாம் என்றால் பவர் ஸ்டேஷன். ஆள் இருந்து, மல்டிமீட்டர் பிடிக்கத் தெரிந்தால் நேரடி வழியும் இரண்டாவது பேட்டரியும். மாடியே கிடைக்காத அடுக்ககவாசிகள் பேனலுக்கு வைத்திருக்கும் பணத்தில் இரண்டாவது பேட்டரி மட்டும் வாங்கி, பிளக்கில் நிரப்பிக்கொள்வது நல்லது.

ஊர்வழிப் பயணம்

2013-இல் பிரான்சின் ஷாம்பெரியிலிருந்து கஜகஸ்தானின் அஸ்தானா வரை சூரிய மின் சைக்கிள்களில் போட்டி நடந்தது. அதனால் பேனலோடு நெடுந்தூரம் போவது கனவு ஒன்றும் இல்லை. ஆனால் ஓசூர் வழியாக ஒகேனக்கல்லுக்கு இரண்டு நாள் போய்வர அது தேவையா? மதியம் 11 முதல் 2 வரை 100 வாட் பேனலை விரித்தால் 210 வாட்-மணி, 20 கிலோமீட்டர். அதே மூன்று மணி நேரம் சாப்பாட்டுக் கடைப் பிளக்கில் கம்பெனி சார்ஜர் அதற்குக் குறையாமல் தரும். மடிப்பு பேனலின் எடை 4 முதல் 5 கிலோ. இரண்டாவது பேட்டரி 3 கிலோவுக்குள், 360 வாட்-மணி. இரண்டு நாள் பயணத்துக்குப் பேட்டரியே ஜெயிக்கிறது. மூன்றாம் நாளுக்கு மேல், பிளக் அரிதான காட்டுப்பாதையில், பேனல் தன் எடையைச் சம்பாதிக்கத் தொடங்கும். அப்போது நேரடி வழியைத்தான் எடுக்க வேண்டும், பவர் ஸ்டேஷனைச் சைக்கிளில் சுமப்பது வீண்.

வழியில் விரிக்கும்போது பேனல் வெயிலில், பேட்டரி மர நிழலில். லித்தியம் செல்லை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது, வெயிலில் கிடக்கும் கறுப்புப் பேட்டரிப் பெட்டி அதைச் சீக்கிரம் தாண்டும். பேனலின் அடியில் நிழல் இருக்கிறதே என்று அங்கே தள்ளிவிடாதீர்கள், பேனலின் பின்புறமே 60 டிகிரியில் கொதிக்கும். ஏற்றம் ஏறி வந்த பேட்டரி தானே சூடாக இருக்கும். கழற்றி நிழலில் வைத்து, கைவைத்தால் சூடு தெரியாத அளவுக்கு அரை மணி நேரம் ஆறவிட்ட பிறகு ஒயரை மாட்டுங்கள்.